பியானோ வாசிப்பும் இளைஞர் போட்டியும்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்னும் ஊர்கள் தோல் பதனிடுதலால் பேர்பெற்றவை என்பதை யாவரும் அறிவர். அத்தோலுக்கும் பியானோ என்னும் மேனாட்டு வாத்தியத்துக்கும் பழைய உறவு ஒன்றுண்டு என்பதை அறிந்தார் சிலரே. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில், மெதிச்சி கோமகனாரின் வாத்தியங்களைக் காத்துவந்த பர்த்தலோமேயோ கிறிஸ்தோபொரி என்பார் முதன்முதல் பியானோவை ஆக்கினார். தந்தியைத் தாக்கும் சிறு சுத்தியலின் முனைக்கு அவர் தோலையே போர்த்தார். 1826இல் பாரிஸ் நகரத்துப் பாப் என்பவர் அழுத்திச் செறித்த கம்பளியைப் புகுத்தும்வரையில் தோலே பெரிதும் வழங்கிற்று. அதன்பின்னரும் தோல் முற்றும் நீங்கிற்றில்லை. அடித்து மீளும் சுத்தியலைப் பற்றி நிறுத்தும் கட்டைக்கும், சுத்தியற் காம்பின் அடியிலுள்ள சிற்றுருளைக்கும் மான்றோல் போன்ற மென்றோல் போர்த்துவது வழக்கம்; செயற்கைத் துணியும் இக்காலத்து உண்டு. ஆதலின் இவ்வாத்தியம் நமக்கு முழுதும் அந்நியமன்று என்று சொல்லிக்கொள்ள நமக்குச் சிறிது உரிமையுண்டு.

இனி அதன் இயல்பைக் கூறுவோம். பியானோவில் 88 விசைகள் உள்ளன. விசையை அழுத்துங்கால் சுத்தியல் மேலெறியப்பட்டுத் தந்தியைத் தாக்கியவுடனே விலகிவிடும். விலகாதாயின் தந்தியோடு ஒட்டி நின்று, தான் எழுப்பிய ஒலியைத் தானே அடக்கிவிடும். இவ்விடுவிப்பை அமைத்ததே கிறிஸ்தோபொரியின் பெருந்திறமை. வாசிப்பவர் வசத்தில் உள்ளவை மூன்றே: விசையை இறக்கும் வேகம், அதனைப் பிடித்திருக்கும் நேரம், காலால் ஆளும் மிதி. எழுந்த ஒலி தானே தேய்ந்து மாயும். ஆர்மோனியத்தைப்போலக் காற்றூட்டி அதனை வளர்த்தல் இயலாது. வீணையைப்போலத் தந்தியை இழுத்துக் கமகம் காட்டலும் இயலாது. இத்தனை குறையுடைய கருவியைப் பாடுவதுபோல ஒலிக்கச் செய்தலே பியானோ வித்துவானுடைய கலை. சென்னையில் அனில் சீனிவாசன் அவர்கள் சிக்கில் குருசரண் அவர்கள் பாட்டோடு பியானோவை இசைத்த கச்சேரிகளைக் கேட்டவர்க்கு, கமகத்தைக் குரலுக்கே விட்டு வாத்தியம் தன் எல்லையறிந்து நிற்கும் அழகு விளங்கியிருக்கும்.

தனியொருவர் பியானோவில் நிகழ்த்தும் கச்சேரியை ரிசைட்டல் என்பர். அப்பெயரைத் தம் பியானோக் கச்சேரிக்கு இட்டு வழங்கச் செய்தவர் ஹங்கேரி நாட்டு லிஸ்ட். அஃது 1840ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்தது. இந்நாளில் மேனாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றில் ஆண்டுதோறும் பியானோ வரிசை நடைபெறும். வெளியூர் வித்துவான் ஒருவர் விருந்தினராய் வந்து வாசிப்பார். மாணாக்கரை மேடையேற்றிப் பலர் முன்னிலையில் திருத்திக் கற்பிப்பார். இளைஞர்க்குப் போட்டியும் நிகழும். இம்மூன்றனுள் இடையிலுள்ள பாடமே பெரும்பயன் தருவது என்பது நம் துணிபு. போட்டியில் பரிசு ஒருவருக்கே. பாடமோ கேட்டிருந்தார் அனைவர்க்கும் உரியது.

போட்டியின் தீர்ப்பு எத்துணை நிலையற்றதென்பதற்கு 1980ஆம் ஆண்டு சான்று. போலந்து நாட்டு வார்சா நகரில் ஷோப்பன் என்னும் இசைப்புலவர் பெயரால் 1927 முதல் போட்டி நடந்துவருகின்றது. 1980இல் யுகோஸ்லாவிய இளைஞர் ஐவோ பொகொரெலிச் என்பாரை நடுவர் இறுதிச்சுற்றுக்கு எடுத்திலர். நடுவருள் ஒருவரும், 1965இல் அப்போட்டியிலேயே முதற்பரிசு வென்றவருமான மார்த்தா ஆர்கெரிச் அம்மையார் அதனைப் பொறாது பதவி துறந்தார். பரிசிழந்த அவ்விளைஞரோ உலகப்புகழ் எய்தினார்.

அவ்வாண்டு முதற்பரிசு பெற்றவர் வரலாறு நம் மாணாக்கர் ஊன்றி நோக்கத்தக்கது. அவர் வியட்நாம் தேசத்து டாங் தாய் சோன். அப்பரிசை வென்ற முதல் ஆசியர். 1958இல் ஹனோயில் பிறந்தவர். தாயாரே முதல் ஆசிரியர். போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சி இசைக்கல்லூரி நாட்டுப்புறத்துக்குப் பெயர்ந்தது. பையனும் அங்கே பயின்றான். 1974இல் ஐசக் கட்ஸ் என்னும் ருஷிய வித்துவான் வியட்நாமுக்கு வந்தபோது அவனது வாசிப்பைக் கேட்டுத் திறமையை உணர்ந்தார். பின்னர் அவன் மாஸ்கோ சென்று கற்றான். விருந்தினராய் வந்தவர் தாம் வாசித்துக் கைதட்டல் பெற்றதோடு போயிருப்பின், அப்பையனை வார்சா நகரத்தார் கண்டிருப்பரோ என்பது ஐயமே.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை மவுண்டு ரோட்டில் வாத்தியங்கள் விற்றுவந்த மியூசி மியூசிகல் கடை 1842இல் தொடங்கியது. ஏ. ஆர். ரகுமான் அவர்கள் 2008இல் கே.எம். இசைக்கல்லூரியை நிறுவினார். அங்கே பயின்ற சென்னைச் சிறுவர் லிடியன் நாதஸ்வரம் 2019இல், தமது பதின்மூன்றாம் வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் 10 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். ரிம்ஸ்கி கோர்சகாவ் இயற்றிய வண்டின் பறத்தலை நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்திலும், பின்னர் 325 தட்டு வேகத்திலும் அவர் வாசித்ததைக் கண்டு உலகம் வியந்தது. யாமும் வியந்தோம். ஆயினும் அதனைக் கண்ட பிள்ளைகள் பலர் வேகமொன்றையே இசையெனக் கொள்வரோ என்னும் கவலையும் உடன் எழுந்தது. மெல்லிய பாட்டொன்றை, ஒவ்வோர் ஒலியும் தேயுமளவு பொறுத்து வாசித்தல் அதனினும் அரிது. போட்டி மேடையில் அதற்கு ஆரவாரம் எழுவதில்லை.

தோற்சாலைகளிலும் பாதரட்சைத் தொழிற்சாலைகளிலும் உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள் இசையைப் பெரும்பாலும் ஆலயத்துக் கீபோர்டிலே கற்கின்றனர். மலிவான கீபோர்டின் விசைகள் பளுவற்றவை. அவற்றிலே பழகிய விரல் பியானோவின் விசையைத் தொட்டவுடன் திகைக்கும். அப்பிள்ளையைச் சென்னையிலோ பெங்களூரிலோ வீட்டில் பியானோ வைத்துக் கற்ற பிள்ளையோடு ஒரே மேடையில் நிறுத்தி மதிப்பெண் இடுவது நடுவுநிலையாகாது. ஆகவே நம் பக்கத்துக் கலாசாலை எதுவேனும் இத்தகைய வரிசை தொடங்குமாயின், போட்டிக்கு மூன்று திங்கள் முன்னரே தன் பியானோவை மாலைதோறும் வெளிப்பிள்ளைகளுக்கும் திறந்துவிடல் வேண்டும். ஒருவர்க்கு அரைமணியாயினும் போதும். வேலூர் வெயிலும் ஐப்பசி ஈரமும் ஒலிப்பலகையின் மரத்தைச் சுருக்கியும் விரித்தும் சுருதியைக் கெடுக்குமாதலின், ஆண்டுக்கு இருமுறை சுருதி கூட்டுவோரை வரவழைக்கும் செலவையும், பரிசுக் கோப்பைக்கு ஒதுக்குமுன்னர், தனியே எடுத்துவைத்தல் வேண்டும்.