மூச்சுக்குத் துணை

2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், காத்திவாக்கத்தை அடுத்த பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். மூச்சுவிடுதலும் ஓர் உழைப்பே என்பதை அன்று ஊரே உணர்ந்தது. நெடுங்காலம் புகையும் தூசும் சுவாசித்து நுரையீரல் கெட்ட முதியோர்க்கோ, எல்லா இரவும் அவ்விரவு போன்றதே.

நலமுடையார் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவர். நோய் முற்றினால் அது 30ஐயும் கடக்கும். உதரவிதானமும் விலாத் தசைகளும் ஓயாது உழைத்துக் களைக்கும். களைத்தபின், வெளியேற வேண்டிய கரியமிலவாயு குருதியிலேயே தங்கி அறிவை மயக்கும். பிராணவாயு மட்டும் கொடுத்தால் இக்குறை தீராது.

1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, நோயாளிகளின் தொண்டையைத் துளைத்துக் குழாய் பொருத்தினர். மருத்துவ மாணவர்கள் இரவுபகலாகக் கையால் பையை அழுத்திக் காற்றூட்டினர். மாணவர் செய்த அத்தொண்டு எண்ணுந்தோறும் வியப்பளிப்பது!

இன்று துளையின்றியே உதவும் கருவி உண்டு. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியொன்று அதனோடு இணைந்திருக்கும். நோயாளி மூச்சிழுக்கத் தொடங்கியதும் கருவி அதனை உணர்ந்து, அழுத்தத்தை உயர்த்திக் காற்றைத் தள்ளும். வெளிவிடும்போது அழுத்தத்தைக் குறைக்கும். தசைகளின் சுமையில் ஒரு பங்கைத் தான் ஏற்கும். நோயாளி பேசலாம், இடையே முகமூடியை நீக்கி ஒரு மிடறு நீரும் பருகலாம்.

தொடக்கத்தில் முகமூடி அச்சந்தரும். ஆதலால் செவிலியர் அதனைக் கையாற் பிடித்து, “ஐயா, கருவியோடு சேர்ந்து மெல்ல மூச்சிழுங்கள்” என்பார். ஓயாது வாந்தி எடுப்போர்க்கு இது ஆகாது. அவர்களுக்குக் குழாயே வேண்டும். மற்றவருள் பலருக்கு ஓரிரு மணி நேரத்தில் மூச்சிரைப்புத் தணியும். களைத்த முதியவர் கண்ணயர்வார்.