உற்பாதம் என்னும் சொல்

திருக்கோயிலுக்குப் புறப்படும் அன்பர் சிலர், கைம்பெண் ஒருவர் எதிரே வரக் கண்டால், 'சகுனம் சரியில்லை' என்று இல்லத்துள் திரும்பி, நீர் அருந்திப் பின் புறப்படுவதுண்டு. பிற்காலச் சகுன நூல்கள் சில, எதிர்வரும் மாந்தரையும் தீக்குறியாக எண்ணின. அது தகுமா என்பதைச் சொற்பொருள் வழியே ஆராய்வோம்.

சகுனம் என்னும் வடசொல்லுக்கும் புள் என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் முதற்பொருள் பறவை என்பதே. பறவையின் குரலும் செலவும் கொண்டு குறி அறிந்தமையால், பறவையின் பெயர் குறிக்கு ஆகி வந்தது.

தீக்குறியை உணர்த்தும் மற்றொரு சொல் உற்பாதம். 'உத்' என்பது மேல். 'பத்' என்பது பறத்தல், விழுதல். உத்பாதம் என்பது தமிழில் உற்பாதம் ஆயிற்று. சத்குரு, சற்குரு ஆனாற்போல. எதிர்பாராது மேலெழுந்து தோன்றுவது என்பது இதன் பொருள். 6ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில், இயற்கைக்கு மாறுபட்டு நிகழ்வதே உற்பாதம் என இலக்கணம் வகுத்து, அதனை விண், அந்தரம், மண் என மூவகைப்படுத்தினார். கணவனை இழந்த ஒருவர் தெருவில் நடந்து வருதல் இயற்கைக்கு மாறானது அன்றே! ஆதலின் அவரை உற்பாதம் எனல் பொருந்தாது.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையைக் காண்க. குடத்திலிட்ட பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்கள் நீர் சொரிந்தன, ஆக்களின் கழுத்துமணிகள் அற்று வீழ்ந்தன. தீங்கு வரும் என மாதரி உணர்ந்தாள். கவுந்தியடிகள் அடைக்கலமாக அளித்த கண்ணகி, அச்சேரிக்குப் புதிதாக வந்தவள். 'இவள் வந்த வேளை' என்று மாதரி அவளைப் பழித்தாளா? இல்லை. கண்ணகி காணவே, கறவைகளும் கன்றுகளும் துயர் நீங்குக எனக் கண்ணனைப் போற்றிக் குரவை ஆடச் செய்தாள். கோவலனுக்கு மதுரையில் நேர்ந்த துயர் அதனால் நீங்கவில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் மீது வீண்பழி சுமத்திய குற்றம் மாதரிக்கு இல்லை. குறி கண்ட போது தெய்வத்தைத் தொழுதல் வேண்டும். மனிதரை விலக்குதல் கூடாது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

அந்நூலின் குன்றக்குரவை, முருகன் உறையும் பதிகளுள் செங்கோட்டையும் போற்றுகிறது. அது நம் திருச்செங்கோடு என்பர். அம்மலைப் படி ஏறும் போதும், நாமக்கல் ஆஞ்சநேயர் திருமுன் செல்லும் போதும், எதிர்வரும் கைம்பெண்ணைக் கண்டு முகம் திருப்பாதீர். அவரும் இறைவனைத் தொழுது வருபவரே. 'வாருங்கள் அம்மா' என்று கைகூப்புங்கள். வழிபாட்டுக்கு அதனினும் நல்ல தொடக்கம் வேறில்லை.