ரிட்டி இழுக்கிறதா? முதலில் அளந்து பார்

அன்புள்ள தம்பிக்கு,

ஹாம் ரேடியோ போட்டியில் உன் ரிட்டி (ரேடியோ டெலிடைப்) இழுக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் சொட்டுச் சொட்டாக வெளியே போகிறது, புதுக் கணினி வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வாங்காதே. இந்தக் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு செட்டிங்கிலோ ஒரு கேபிளிலோ இருக்கும். அது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும்.

ரிட்டியின் வேகம் நம் விருப்பப்படி கூடிக் குறைவதல்ல. டெலிடைப் மாடல் 15 போன்ற இரும்பு எந்திரங்கள் நிமிடத்துக்கு 60 வார்த்தை அடித்த காலத்தில் நிலைபெற்ற வேகம் அது. 45.45 பாட் என்றால் ஒரு பிட்டுக்கு 22 மில்லிசெகண்ட். தொடக்க பிட் ஒன்று, எழுத்துக்கான பிட்டுகள் ஐந்து, நிறுத்த பிட் ஒன்றரை, ஆக ஏழரை பிட். ஓர் எழுத்துக்கு 165 மில்லிசெகண்ட், அதாவது செகண்டுக்கு ஆறு எழுத்து. நிறுத்த பிட் ஏன் ஒன்றரை என்று யோசித்திருப்பாய். எழுத்துக்கு எழுத்து எந்திரத்தின் கிளட்ச் நின்று, அடுத்த தொடக்க பிட்டுக்குத் தயாராக வேண்டும். அதற்கு விட்ட அவகாசம்தான் அது. எந்திரங்கள் போய்விட்டன, அவகாசம் மட்டும் இன்றும் இருக்கிறது.

இந்தக் கணக்கே உன் அளவுகோல். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடை மாட்டு, பவரைக் குறைத்துக்கொள். ஆர், வை என்ற இரண்டு எழுத்தையும் மாற்றி மாற்றி 120 எழுத்து வரும்படி ஒரு மேக்ரோ எழுதி அனுப்பு. எண்ணும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை 19.8 செகண்ட் ஆக வேண்டும். 21 செகண்டை ஒட்டி வந்தால் பதறாதே, நிறுத்த பிட் இரண்டு என்று செட் ஆகியிருக்கலாம், முதலில் அதைப் பார். 40 செகண்ட் பக்கம் போனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் இன்னொரு எழுத்து நுழைகிறது என்று பொருள்.

அந்த இன்னொரு எழுத்துதான் டிடில். அனுப்ப எதுவும் இல்லாதபோது, எதிர்முனை ஒத்திசைவை இழக்காமல் இருக்க நம் புரோகிராம் இட்டு நிரப்பும் வெற்று எழுத்து அது. விரல் யோசிக்கும் நேரத்தில் அது வருவது நல்லது. மேக்ரோ ஓடும்போது வந்தால், அடுத்த எழுத்து உரிய நேரத்தில் கைக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். காதால் கேட்டே இதைக் கண்டுகொள்ளலாம். ஆர்-வை ஒழுங்காக ஓடினால் ஒரே சீரான அதிர்வாகக் கேட்கும், டிடில் புகுந்தால் அந்தச் சீர் உடைந்துவிடும்.

எம்எம்டிடிஒய் என்ற ரிட்டி புரோகிராம் வைத்திருக்கிறாய் அல்லவா? அதன் டிரான்ஸ்மிட் பக்கத்தில் எழுத்துக்கான காத்திருப்பு, டிடிலுக்கான காத்திருப்பு என்று இரண்டு நகர்த்திகள் உண்டு. மெதுவாகத் தட்டச்சு செய்கிறவர்களுக்காக வைத்தவை. போட்டியில் இரண்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். யாரோ விளையாட்டாக நகர்த்தியிருந்தால் உன் நோய் அங்கேயே முடிந்தது. அவை பூஜ்யத்தில்தான் இருக்கின்றன என்றால், மிஸ்ஸலேனியஸ் பக்கத்தில் யூஎஸ்பி போர்ட்டுக்கான நான்கு தேர்வுகளைப் பார். பழைய சீரியல் போர்ட்டுக்கு 'ஏ'. யூஎஸ்பி கேபிளுக்கு 'சி', அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்துவது. 'பி'யில் இருந்தால் புரோகிராம் போர்ட்டைப் பார்த்து "முந்தைய எழுத்து போய்விட்டதா?" என்று கேட்டுக் காத்திருக்கும். யூஎஸ்பி வழியாக அந்தப் பதில் தாமதமாக வந்தால் நடுவில் டிடில் நுழைந்துவிடும்.

இன்னொரு வகைத் தாமதம் உண்டு. அது இதைவிடப் பொல்லாதது. எழுத்துகளுக்கு நடுவே ஒன்றும் நுழைவதில்லை, எழுத்தே நீள்கிறது. பல யூஎஸ்பி-சீரியல் கேபிள்களுக்கு ஐந்து பிட் எழுத்தே தெரியாது. ஏழும் எட்டும்தான் தெரியும். அதனால் எக்ஸ்ட்எஃப்எஸ்கே போன்ற துணைப் புரோகிராம் கேபிளின் ஒரு கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு, 22 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தானே மேலும் கீழும் ஆட்டுகிறது. விண்டோஸுக்கோ ஆயிரம் வேலை. அது திரும்பிப் பார்ப்பதற்குள் பிட் நீண்டுவிடுகிறது.

எவ்வளவு நீண்டால் ஆபத்து என்று கணக்குப் போட்டுப் பார். கேட்பவரின் டிகோடர் தொடக்க பிட்டின் விளிம்பிலிருந்து எண்ணி, ஐந்தாவது எழுத்து பிட்டின் நடுவை 121வது மில்லிசெகண்டில் எட்டிப் பார்க்கும். உன் பிட் 22க்குப் பதில் 24 என்றால், உன் ஐந்தாவது பிட் தொடங்குவதே 120ல்தான். ஒரே ஒரு மில்லிசெகண்டில் தப்பிக்கிறாய். இரைச்சலும் மங்கலும் உள்ள பட்டையில் அந்தத் தப்பிப்பு நடக்காது. டிடில் நுழைந்தால் உன் நேரம்தான் வீண், எதிர்முனைக்குச் சரியாகவே அச்சாகும். பிட் நீண்டால் அவருக்குக் குப்பைதான் விழும். மனிதர் திரும்பத் திரும்பக் கேட்பார், நீ திரும்பத் திரும்ப அனுப்புவாய், பத்து செகண்டில் முடிய வேண்டிய தொடர்பு ஒரு நிமிடத்தைத் தின்றுவிடும்.

பழுது கணினியிலா கம்பியிலா என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. அதே ஆர்-வை மேக்ரோவை ஏஎஃப்எஸ்கேயில், சவுண்ட் கார்டு வழியாக அனுப்பிப் பார். அங்கே 19.8 வந்தால் கணினியும் போட்டிப் புரோகிராமும் குற்றமற்றவை, பழுது பிட்டுகளை நேராக ரேடியோவுக்குக் கொண்டுபோகும் எஃப்எஸ்கே கம்பியில். அங்கும் இழுத்தால் காத்திருப்பு நகர்த்திகளையும் கணினியின் சுமையையும் பார். என்னைக் கேட்டால், கேபிள்தான் குற்றவாளி என்று தெரிந்த பிறகு அதோடு மல்லுக்கட்டாதே. ஏஎஃப்எஸ்கேயிலேயே போட்டிக்குப் போ. ஸ்பீச் பிராசசரை அணைத்து, ஏஎல்சி முள் அசையாத அளவுக்கு ஒலியைக் குறைத்துவிட்டால், அந்தப் பக்கம் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. எஃப்எஸ்கேதான் வேண்டும் என்று மனம் கேட்டால், நேரக்கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும் சிறிய ஆர்டுயினோ கீயர் ஒன்று செய்துகொள். எழுத்தை வாங்கிக்கொண்டு பிட்டுகளை அது தானே அளந்து விடும், விண்டோஸின் வேலைப்பளு அதைத் தொடாது.

டம்மி லோடில் சரியாக ஓடி, ஆன்டெனாவில் முழு பவரில் மட்டும் இழுத்தால் அது வேறு கதை. ஆர்எஃப் யூஎஸ்பி கேபிளுக்குள் ஏறுகிறது. கேபிளைச் சுருக்கி, இரு முனையிலும் ஃபெரைட் மாட்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஆமைவேகம் என்றால், குறை நீ அனுப்பும் வாசகத்தில் இருக்கிறது. மோர்ஸில் ஒன்பதுக்கு 'என்' என்று சுருக்கி அனுப்பிப் பழகியவர்கள் இங்கேயும் அதையே செய்கிறார்கள். மோர்ஸில் அது லாபம், ரிட்டியில் நஷ்டம். இங்கே எல்லா எழுத்துக்கும் ஒரே 165 மில்லிசெகண்ட். எண்ணுக்கும் எழுத்துக்கும் மாறும்போதெல்லாம் ஒரு ஷிஃப்ட் எழுத்து தனியாகப் போகிறது. 599 என்ற சிக்னல் அறிக்கையையும், பிறகு 123 என்ற தொடர் எண்ணை இரண்டு முறையும், நடுவில் இடைவெளி விட்டு அனுப்பினால் 14 எழுத்து. இடைவெளி வந்ததும் எதிர்முனை எழுத்து நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஷிஃப்டை மறுபடி அனுப்ப வேண்டியிருக்கிறது. அதையே நடுவில் சிறுகோடு போட்டு அனுப்பினால் 12 எழுத்து, மூன்றில் ஒரு செகண்ட் மிச்சம். ஆனால் அந்த ஒரே ஷிஃப்ட் இரைச்சலில் தொலைந்தால் 599 என்பது டி-ஓ-ஓ என்றும், 123 என்பது க்யூ-டபிள்யூ-ஈ என்றும் விழும், அதுவும் இரண்டு முறையும். நான் இடைவெளியின் பக்கம். மூன்றில் ஒரு செகண்டுக்காக ஓர் எண்ணைப் பணயம் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதைவிட, மேக்ரோவின் தொடக்கத்தில் ஒரு புதுவரியும் முடிவில் ஓர் இடைவெளியும் போதும் என்று வைத்துக்கொண்டு, உன் மேக்ரோவில் இருக்கும் 'டிஇ'யையும் வணக்கங்களையும் வெட்டு. ஒரு தொடர்புக்கு நான்கு செகண்ட் குறைந்தால் 500 தொடர்புக்கு அரை மணிக்கு மேல் மிஞ்சும். அந்த அரை மணியில் உன்னைக் கூப்பிட்டுக் காத்திருக்கும் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லலாம்.

செப்டம்பரின் கடைசி முழு வார இறுதியில் சிகியூ உலகளாவிய ரிட்டி போட்டி. அதற்கு முன்னால் எஃப்எஸ்கேயில் எத்தனை செகண்ட், ஏஎஃப்எஸ்கேயில் எத்தனை செகண்ட் என்று இரண்டு எண்ணை மட்டும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்