சோதனைப் படியும் தமிழ்ச் சொல்லும்: மரக்காணக் கரையில் ஒரு பயிற்சி

முன்னுரை

ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என அறிஞர் பலர் கருதுவர். பக்கிங்காம் கால்வாயும் கழுவெளிச் சதுப்பு நிலமும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை உப்புப் பாத்திகளும் சூழ்ந்த இக்கரையில் இருந்துகொண்டு, கைப்பேசிச் செயலிகளைச் சோதிக்கும் முறை பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று வினவும் பெரியோரும் உளர். இடம் உண்டு என்பது நம் துணிபு. காரணம் கட்டுரைப் போக்கில் விளங்கும்.

சோதனைப் படி என்பது யாது?

ஒரு செயலியை ஒருவரே எழுதி முடிப்பது அரிது. பலர் பல ஊர்களிலிருந்து அதன் நிரலைத் திருத்துகின்றனர். அவரவர் திருத்தத்தை மாதக்கணக்கில் தனியே வைத்திருந்து ஒருநாள் ஒன்றுசேர்க்க முயன்றால் ஒன்றோடொன்று முரணும். ஆகவே ஒவ்வொருவரும் தம் திருத்தத்தை நாள்தோறும் பொதுக் களஞ்சியத்திற் சேர்த்துவிட, சேருந்தோறும் கணினி தானாகவே முழு நிரலையும் தொகுத்து, முன்னரே எழுதிவைத்த சோதனைகளை ஓட்டிப் பார்த்து, தேறினால் நிறுவத்தக்க ஒரு கோப்பாக்கி வெளியிடுகிறது. இம்முறையைத் 'தொடர் ஒருங்கிணைப்பு' என்பர். 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் முதலியோர் வகுத்த 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' நெறி வழியாக இது பரவியது. இதற்கெனப் பயன்படும் 'ஜென்கின்ஸ்' என்னும் மென்பொருள் முதலில் 'ஹட்சன்' எனப் பெயர்பெற்றிருந்து, 2011இல் இப்பெயர் கொண்டது.

இவ்வாறு வெளிவரும் கோப்பைத் துறையினர் 'பில்டு' என வழங்குவர். நாம் ஈண்டுச் 'சோதனைப் படி' என்போம். ஏட்டுச் சுவடிக்குப் பல படிகள் உண்டு என்பதும், டாக்டர் உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல படிகளை ஒப்புநோக்கினார் என்பதும் நம் மாணவர் அறிந்தவை. அங்கே பாடவேறுபாடு கண்டது போல இங்கேயும் நேற்றைய படிக்கும் இன்றைய படிக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பதே பணி. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. ஏட்டில் மூலத்தை நோக்கிப் பின்னே செல்கிறோம்; இங்கே வெளியீட்டை நோக்கி முன்னே செல்கிறோம்.

உப்பளத்தாருக்கு இது புதிதன்று. ஏறத்தாழ 3 டிகிரி அடர்த்தியுள்ள கடல்நீரை எவரும் நேரே உப்பு விளையும் பாத்தியில் விடுவதில்லை. பாத்திக்குப் பாத்தி மாற்றி, மிதவைக் கருவியிட்டு டிகிரி பார்த்து, 25 டிகிரியை நெருங்கிய நீரையே கடைசிப் பாத்தியில் ஏற்றுவர். 30 டிகிரியை எட்டவிட்டால் உப்பில் கசப்பேறும். ஆகவே எஞ்சிய நீரை அதற்குமுன் வடித்துவிடுவர். ஒவ்வொரு கட்டத்திலும் சோதனை நிகழ்கிறது.

நிறுவும் முறை

விக்கிப்பீடியாவின் ஆண்ட்ராய்டு செயலியை எடுத்துக்கொள்வோம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இச்செயலியின் நிரல் எவரும் காணத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதன் பொத்தான்களிலும் அறிவிப்புகளிலும் தோன்றும் சொற்றொடர்களைத் தன்னார்வலர் 'டிரான்ஸ்லேட்விக்கி' என்னும் தளத்தில் மொழிபெயர்க்கின்றனர். தமிழ் படித்த மாணவர் ஒருவர் நிரல் அறியாமலேயே இதிற் பங்குகொள்ள முடியும். ஆல்பா, பீட்டா, வெளியீடு என மூன்று நிலைப் படிகளுக்கும் தனித்தனி அடையாளப் பெயர் இருப்பதால், ஒன்றையொன்று அழிக்காமல் மூன்றும் ஒரே கைப்பேசியில் குடியிருக்கும். பயன்படுத்தும் படி ஒருபுறமும் சோதிக்கும் படி மறுபுறமும் இருக்க ஒப்புநோக்குவது எளிது.

எல்லாச் செயலிகளும் இவ்வாறு அமைவதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொரு செயலியின் மின்னொப்பத்தையும் சரிபார்க்கிறது. கடையில் வெளியான படிக்கு ஓர் ஒப்பமும் சோதனைப் படிக்கு வேறோர் ஒப்பமும் இருந்து, அடையாளப் பெயர் ஒன்றாயின், ஒன்றன்மேல் ஒன்று நிறுவப்படாது. பழையதை நீக்கியே புதியதை ஏற்ற வேண்டும். நீக்கும்போது அதிற் சேமித்தவையும் போய்விடும். பதிப்பெண் குறைந்த படியையும் கைப்பேசி ஏற்காது. இவ்விரண்டையும் அறியாமல் 'கோப்பு கெட்டுவிட்டது' என்று முறையிடும் மாணவர் பலர்.

கடைக்கு வெளியிலிருந்து வரும் கோப்பை நிறுவத் தனி இசைவு வேண்டும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இவ்விசைவு, கோப்பைக் கொணரும் செயலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தரப்படுகிறது. பணி முடிந்ததும் அதனைத் திரும்பப் பெறுதல் நன்று. செயலியை ஆக்குவோர் தம் தளத்தில் வைத்த கோப்பையன்றி, வாட்ஸ்அப்பில் எவரோ அனுப்பிய கோப்பை நிறுவலாகாது. வங்கிக் கணக்கை இழந்தோர் கதைகள் நம் தெருக்களிலேயே உண்டு. ஐபோனில் 'டெஸ்ட்ஃபிளைட்' வழியே சோதனைப் படி வரும். 90 நாளில் அது காலாவதியாகும்.

தமிழ் இடறும் இடங்கள்

கணினி தானே ஓட்டும் சோதனைகள் கூட்டல் கழித்தல் பிழைகளைப் பிடிக்கும். மொழிப்பிழையை அவை அறியா. இங்குதான் தமிழாசிரியர்க்கு வேலை தொடங்குகிறது.

முதலாவது, புணர்ச்சி. செயலியில் ஊர்ப்பெயருக்கு வெற்றிடம் விட்டு, அதன்பின் 'இல்' என்னும் உருபை ஒட்டிவைப்பர். கணினி நிரப்பும்போது 'மரக்காணம்இல்' என வரும். மகர ஈற்றுப் பெயர் அத்துச் சாரியை பெற்று 'மரக்காணத்தில்' ஆகும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த இலக்கணம். கணினிக்கு அதை எவரும் சொல்லவில்லை. 'வீடு' வெற்றிடத்தில் வந்தால் ஒற்று இரட்டித்து 'வீட்டில்' ஆக வேண்டும், அதுவும் நிகழாது. 'மரக்காணம் என்னும் ஊரில்' என மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே அமைத்துவிட்டால் இடர் தீரும். பெயரை மாறாமல் நிறுத்தி உருபை வேறொரு சொல்லில் ஏற்றும் இவ்வுத்தியை நம் மாணவர் கண்டபோது நாம் பெரிதும் மகிழ்ந்தோம்.

இரண்டாவது, அகரவரிசை. யூனிகோடில் ஆய்தம் அகரத்திற்கு முன்னே நிற்கிறது; னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ஜகரம் சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையிலும் நிற்கின்றன. குறியீட்டெண்ணை மட்டும் நம்பி வரிசைப்படுத்தும் செயலியில் வருகைப் பட்டியலைச் செலுத்திப் பாருங்கள்: ஃபாத்திமா அகமதுக்கு முன்னே நிற்பார். அகராதி முறையில் ஆய்தம் ஔகாரத்திற்குப் பின்னரும், கிரந்த எழுத்துகள் னகரத்திற்குப் பின்னரும் வர வேண்டும். நம் கல்லூரிப் பெயர்ப்பட்டியலைப் போன்ற சோதனைக் கருவி வேறில்லை.

மூன்றாவது, ஒத்த தோற்றம். 'ஔவை' என்று ஓரெழுத்தாக அடித்தவர்க்கும், ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவை' என அடித்தவர்க்கும் திரையில் தோன்றுவது ஏறக்குறைய ஒன்றே. தேடும்போது ஒன்றில் அடித்தது மற்றொன்றில் அகப்படாது. துணைக்காலுக்குப் பதில் ரகரம் இடுவதும் இத்தகையதே.

மழைச் செய்தி

1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படைத் தளத்திலிருந்து பெற்ற அலையுயரச் செய்தி ஒலிபெருக்கியில் மீனவர்க்குச் சொல்லப்பட்டது. பின்னர் அந்நிறுவனமே, ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் பணிகள் மையத்தின் தரவுகளைக் கொண்டு மீனவர்க்கெனக் கைப்பேசிச் செயலியும் தந்தது. ஒலிபெருக்கிக்கும் திரைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒலிபெருக்கியில் படிப்பவர் சொற்றொடரை முடித்தே தீருவார். திரைக்கு அக்கட்டாயம் இல்லை.

இதனை நாம் நேரிற் கண்டோம். வானிலை கூறும் ஒரு செயலியின் சோதனைப் படியை மாணவர் அறுவர் தத்தம் கைப்பேசியில் நிறுவியிருந்தனர். அதன் பெயர் வேண்டா. 'இன்று கனமழை பெய்ய வாய்ப்பு இல்லை' என்று அறுவர் திரையிலும் முழுமையாகவே தோன்றியது. அவருள் ஒருவர், உப்பளத் தொழிலாளியாகிய தம் பாட்டனார் கைப்பேசியிலும் அதனை நிறுவித் தந்தார். முதியவர் கண்பார்வை கருதி எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். மறுநாட் காலை அவர் பேரனை அழைத்துக் கேட்டது இது: "ஏண்டா, மழை வரும்னு போட்டிருக்கே, இன்னிக்கே வாரிடலாமா?"

அவர் திரையில் 'இன்று கனமழை பெய்ய வாய்ப்பு' என்பதுவரை நின்று, பின் மூன்று புள்ளிகள் இருந்தன. விளைந்து முற்றாத உப்பை வாரினால் அன்றைய கூலியாட் செலவும் வீண். பல நாள் விளைச்சலும் குறை. மாறாக உண்மையான மழைச் செய்தியை நம்பாமல் விட்டாலோ பாத்தி முழுதும் கரைந்துபோகும். பேரன் அருகிருந்து திருத்தியதால் அன்று இழப்பில்லை.

காரணத்தை ஆராய்ந்தபோது வகுப்பில் ஓர் அமைதி நிலவியது. ஆங்கிலத்தில் 'நோ' என்னும் மறுப்பு முதலிலேயே வந்துவிடும். வால் அறுந்தாலும் பொருள் பெரிதும் நிற்கும். தமிழில் மறுப்பு, வினைமுடிபில் இறுதியில் வருகிறது. வால் அறுந்தால் பொருள் தலைகீழாகும். 'செலுத்தப்படவில்லை', 'பாதுகாப்பானதன்று', 'உண்ணத் தகாது' ஆகிய அனைத்திற்கும் இவ்விடர் உண்டு. மருந்து பற்றியும் பணம் பற்றியும் கூறும் செயலிகளில் இது எங்குக் கொண்டுவிடும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

அறிக்கை எழுதுதல்

'சரியாக வரவில்லை' என்று எழுதுவது அறிக்கையாகாது. எந்த எண்ணுள்ள படி, எவ்வகைக் கைப்பேசி, எழுத்தின் அளவு யாது, என்ன செய்தபோது என்ன தோன்றியது, என்ன தோன்றியிருக்க வேண்டும் என்பவற்றைத் திரைப்படத்தோடு தர வேண்டும். நம் மாணவர் முதலில் எழுதிய அறிக்கையில் எழுத்தின் அளவு விடுபட்டுப் போக, 'எங்கள் கைப்பேசியில் முழுமையாகவே தெரிகிறது' என்று மறுமொழி வந்தது. இரண்டாம் முறை அதனைச் சேர்த்து எழுதியதோடு, 'கனமழை இல்லை' எனச் சுருக்குமாறும், இடம் போதாவிடில் அடுத்த வரிக்கு மடக்குமாறும் வேண்டினர். சில நாளில் எண் ஒன்று கூடிய படி வந்தது. பாட்டனார் கைப்பேசியில் அதனை நிறுவிப் பார்த்தோம். இரண்டு வரியில், முழுமையாக, 'கனமழை இல்லை' என்றிருந்தது. அதன் மேல்வரியில் 'மரக்காணம்இல்' என்பது மட்டும் அப்படியே நின்றது. அதற்குரிய அறிக்கையை இரண்டாமாண்டு மாணவர்க்குப் பயிற்சியாக விட்டுவைத்துள்ளோம்.