செடிக்கு விளக்கு வாங்கும் முன் ஒரு ஒர்க்‌ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டுக் கேட்பார்கள். இரண்டாம் மாதம் சீட்டாடுவார்கள். மூன்றாம் மாதம், "இவ்வளவு பணம் போட்டோமே, உருப்படியாக இதில் என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் இந்தக் கேள்விக்கு ஆறு லட்ச ரூபாய் பெறுமான பதில் கிடைத்தது. அதைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்ளப் போகிறோம். உங்களுக்குத் தேவை ஒரு எக்ஸெல். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கி, அதிலுள்ள கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளலாம். இரண்டிலும் இதே பாடம்தான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசிக்குப் பக்கத்தில் சித்தப்பாவுக்கு ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ் கட்டடம் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தொழில் நின்று பல வருடம் ஆகிறது. சும்மா கிடக்கும் கட்டடத்தில் விளக்கு போட்டு, அடுக்கடுக்காக லெட்யூஸ் கீரை வளர்க்கலாம் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருந்தார். எட்டு ரேக், ரேக்குக்கு ஐந்து தட்டு, மொத்தம் 40 தட்டு. மாதம் முப்பதாயிரம் லாபம் என்று எழுதியிருந்தது. கரண்ட் செலவு என்ற இடத்தில் "எல்இடி என்பதால் மிகக் குறைவு" என்ற ஒரே வரி. சித்தப்பா எனக்குப் போன் போட்டார். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானப்பா, இது சரியா வருமான்னு பாத்துச் சொல்லு. அட்வான்ஸ் கேக்குறாங்க."

நான் படித்தது சாஃப்ட்வேர், விவசாயம் இல்லை. ஆனால் பெருக்கல் இரண்டுக்கும் ஒன்றுதானே! அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய், தங்கை காலேஜுக்காக வாங்கிய கம்ப்யூட்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்தோம்.

கணக்குக்கு முன்னால் ஒரு சின்ன விளையாட்டு. விண்டோஸில் பெயின்ட் புரோகிராமைத் திறந்து, எடிட் கலர்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ரெட், கிரீன், புளூ என்று மூன்று கட்டங்கள் இருக்கும். ரெட் 255, கிரீன் 0, புளூ 255 என்று தட்டுங்கள். கத்தரிப்பூ போல ஒரு அடர் நிறம் வரும். செடி வளர்ப்பதற்கென்று விற்கும் விளக்குகள் பல இந்த நிறத்தில்தான் எரியும். இலையிலுள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக எடுத்துக்கொள்கிறது. பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதால்தான் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. அதற்காகப் பச்சை ஒளி செடிக்கு வீண் என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் கணிசமாக வேலை செய்கிறது என்பதை 1972-லேயே மெக்கிரீ என்பவர் அளந்து காட்டிவிட்டார். அதனால் சாதாரண வெள்ளை எல்இடியிலும் செடி நன்றாகவே வளரும். ஊதா நிறம் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நிறம் புதிதல்ல. வாணத்தில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு உப்பு என்று பயர் ஆபீஸில் வேலை பார்த்த யாரும் சொல்லிவிடுவார்கள். நல்ல நீலம் எடுப்பதுதான் கஷ்டம் என்றும் சொல்வார்கள். எல்இடியிலும் இதே கதைதான். சிவப்பும் பச்சையும் முன்பே வந்துவிட்டன. பிரகாசமான நீலம் 1990-களின் தொடக்கத்தில்தான் சாத்தியமானது. அதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்த பிறகுதான் வெள்ளை எல்இடி வந்தது. வீட்டுக்குள் செடி வளர்க்கும் தொழிலும் வேகம் பிடித்தது.

சரி, ஒர்க்‌ஷீட்டுக்கு வருவோம். புதிய ஷீட்டைத் திறந்து, முதல் காலத்தில் கீழ்க்கண்ட பெயர்களை ஒன்றன் கீழ் ஒன்றாகவும், அவற்றின் பக்கத்துச் செல்களில் எண்களையும் தட்டுங்கள். ட்யூப் எண்ணிக்கை: 4. ஒரு ட்யூப்பின் வாட்: 20. ஒரு ட்யூப்பின் லூமன்: 2000 (அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும்). இலைக்குச் சேரும் பங்கு: 0.7. தட்டின் பரப்பு சதுர மீட்டரில்: 0.72, அதாவது நான்கடிக்கு இரண்டடித் தட்டு. எரியும் மணி நேரம்: 14. ஒரு யூனிட் விலை: 8.

அந்த எட்டு ரூபாய் நான் வைத்துக்கொண்ட எண். உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மொத்த பில்லை யூனிட்டால் வகுத்துச் சராசரி போட்டுவிடாதீர்கள். வீட்டு மின்சாரம் ஸ்லாப் ஸ்லாபாக விலை ஏறுவது. புதிதாகச் சேரும் யூனிட்டுகள் எல்லாம் உச்சி ஸ்லாபில்தான் போய் உட்காரும். கடைசி ஸ்லாபின் விலையைத்தான் போட வேண்டும். சித்தப்பாவின் கட்டடத்துக்கு இருந்தது வீட்டு இணைப்பும் அல்ல என்பது வேறு விஷயம்.

இனி ஃபார்முலா. முதலில் லக்ஸ். காலிச் செல் ஒன்றில் = குறியைத் தட்டுங்கள். பிறகு மவுஸால் ட்யூப் எண்ணிக்கைச் செல்லைக் கிளிக் செய்து * தட்டுங்கள். லூமன் செல்லைக் கிளிக் செய்து * தட்டுங்கள். பங்கு செல்லைக் கிளிக் செய்து / தட்டி, பரப்புச் செல்லைக் கிளிக் செய்து என்டர் கொடுங்கள். 7777.8 என்று வரும். செல்லின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், கிளிக் செய்தாலே கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். 4, 2000 என்று எண்களையே ஃபார்முலாவில் தட்டிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் நாளைக்கு ட்யூப்பை மாற்றும்போது விடை மாறாது.

7,778 லக்ஸ் என்றதும் சித்தப்பா, "ஏயப்பா!" என்றார். ஆபீஸ் மேஜையில் 500 லக்ஸ் இருந்தால் நிம்மதியாகப் படிக்கலாம். ஆனால் லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்குக் கண் இல்லை. அது ஒளித்துகள்களை எண்ணி வாங்கிக்கொள்கிறது. அந்த எண்ணிக்கையை மோல் கணக்கில் சொல்வார்கள், பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் பார்த்த அதே மோல்தான். வெள்ளை எல்இடிக்கு 1000 லக்ஸ் என்பது, சதுர மீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 15 மைக்ரோமோல். ஆகவே அடுத்த செல்லில் லக்ஸை 1000-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள். 116.7 வரும். அதற்கடுத்த செல்லில் இந்த விடையை மணி நேரத்தாலும் 3600-ஆலும் பெருக்கி, 1000000-ஆல் வகுங்கள். ஒரு நாளில் சதுர மீட்டருக்குக் கிடைத்த மோல் இது. 5.88.

லெட்யூஸ் மாதிரிக் கீரைக்கு நாளொன்றுக்கு 12 முதல் 17 மோல் வேண்டும். தக்காளிக்கு 20-க்கு மேல். கண்ணைக் கூச வைக்கும் நம் நான்கு ட்யூப் பாதிச் சாப்பாடுதான் போடுகிறது. கீரை வெளிறி, ஒல்லியாக நீண்டு சாயும்.

பன்னிரண்டுக்கு எத்தனை ட்யூப்? கம்ப்யூட்டரையே கேட்கலாம். எக்ஸெலில் டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்பதற்குள் கோல் சீக் இருக்கும். கால்க்கில் டூல்ஸ் மெனுவிலேயே இருக்கும். மோல் செல்லை இலக்காகக் காட்டி, 12 என்று கொடுத்து, மாற்ற வேண்டிய செல்லாக ட்யூப் எண்ணிக்கையைக் காட்டுங்கள். 8.16 என்று சொல்லும். கடையில் 0.16 ட்யூப் கிடைக்காது, 8 என்று திருத்திக்கொள்வோம்.

இனிப் பணம். எண்ணிக்கை, வாட், மணி மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஒரு நாளின் யூனிட், 2.24. அதை 30-ஆலும் விலையாலும் பெருக்கினால் மாதச் செலவு, 537.60. ஒரு தட்டுக்கு! நாற்பது தட்டுக்கு 21,504 ரூபாய். ஒரு தட்டில் மாதம் இரண்டு, இரண்டரை கிலோ கீரை கைக்கு வந்தால் நல்ல விளைச்சல். அப்படியானால் கிலோவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் விளக்குக்கே போகிறது.

விற்பவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். செடிக்கென்றே செய்த உயர்ரக எல்இடி, கடை ட்யூப்பைப் போல் ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் அதே ஒளித்துகள்களைத் தரும். பாதி என்றே போட்டாலும் பத்தாயிரத்துச் சொச்சம். "மிகக் குறைவு" என்ற வரி எங்கே, இது எங்கே.

அதோடு முடியவில்லை. விளக்குக்குப் போகும் மின்சாரம் பெரும்பாலும் கடைசியில் சூடாகத்தான் மாறும். 40 தட்டுக்கு 6.4 கிலோவாட். ஒரு டன் ஏசி நீக்குவது 3.5 கிலோவாட் சூடு. விளக்கின் சூட்டை எடுக்க மட்டும் ஏறக்குறைய இரண்டு டன் ஏசி வேண்டும், அதற்குத் தனி கரண்ட். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று விருதுநகர் மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விளக்கை இரவில் எரிக்கலாமே என்று சித்தப்பா கேட்டார். நல்ல யோசனைதான், சூடு கொஞ்சம் குறையும். யூனிட் குறையாது.

பிறகு எழுந்து மொட்டை மாடிக்குப் போனோம். எங்கள் பக்கம் தெளிந்த நாளில் வெயில் தருவது சதுர மீட்டருக்குச் சுமார் 40 மோல். பாதி வெயிலை மறைக்கும் ஷேட் நெட் கட்டினாலும் 20 மோல் மிச்சம். மழை குறைவு, காற்று வறட்சி என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்த ஊருக்கு வந்தன. அந்த வெயிலைக் கூரை போட்டு மறைத்துவிட்டு, உள்ளே காசு கொடுத்து வாங்கப் பார்த்தோம். குளிர்காலத்தில் வெளிச்சமே இல்லாத நெதர்லாந்தில் கண்ணாடிப் பண்ணைக்குள் விளக்கு போடுவதற்கு அர்த்தம் இருக்கிறது. பெரும் முதலீட்டோடு அமெரிக்காவில் அடுக்குப் பண்ணை நடத்திய ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டது, பவரி 2024 நவம்பரில் மூடப்பட்டது.

அப்படியானால் நம் ஊரில் செடிக்கு விளக்கே வேண்டாமா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஓசூர் பக்கமும், எல்லை தாண்டிச் சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கமும் இரவில் பஸ்ஸில் போனால் வயல் நடுவே வரிசையாகப் பல்பு எரிவதைப் பார்க்கலாம். அது சாமந்தித் தோட்டம், நாம் செவ்வந்தி என்போமே, அதுதான். அங்கே விளக்கு சாப்பாடு போடவில்லை, மணி காட்டுகிறது.

சாமந்திக்கு நீண்ட இரவு கிடைத்தால் மொட்டு விடும். நம் பகுதியில் வருடம் முழுதும் இரவு போதிய நீளமாகவே இருப்பதால், செடி உயரம் பிடிப்பதற்குள் பூத்துவிடும். அதனால் நட்ட பிறகு சில வாரங்கள் நடுஇரவில் மூன்று நான்கு மணி நேரம் பல்பு போடுகிறார்கள். இருட்டு நடுவில் உடைந்ததும், செடி இன்னும் பூக்கும் காலம் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு தண்டை வளர்க்கிறது. தேவையான உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிட்டால் மொட்டு கட்டும். ஆயுத பூஜைக்கோ பொங்கலுக்கோ பூ வேண்டுமானால் பின்னோக்கி எண்ணி விளக்கை நிறுத்தலாம். செடி பகலின் நீளத்தை அறிகிறது என்று கார்னரும் அலார்டும் அமெரிக்காவில் 1920-ல் எழுதினார்கள். உண்மையில் அளக்கப்படுவது இரவு என்பது பிறகு தெரிந்தது. வியட்நாமின் பின் துவான் பகுதியில் டிராகன் பழத்துக்கு இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அங்கே இரவு விளக்கு, சீசன் இல்லாத காலத்தில் பூக்க வைக்கிறது.

இதையும் ஷீட்டில் போட்டுப் பார்த்தோம். மணி காட்ட 100 லக்ஸ் போதும். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். 100-ஆல் பெருக்கி 0.7-ஆல் வகுத்தால் சுமார் 5,78,000 லூமன். வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்இடி பல்பு என்றால் 5.8 கிலோவாட், நான்கு மணி நேரத்துக்கு 23 யூனிட். இதே ஏக்கர் முழுதும் நம் கீரைத் தட்டை ஒற்றை அடுக்காகப் பரப்பினால் ஒரு நாளைக்கு 12,590 யூனிட். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தச் செல்லை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

விளக்கைச் சாப்பாடாகப் போட்டும் கட்டுப்படியாகும் இடம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு, திசு வளர்ப்பு வாழைக் கன்று. லேபில் ஒரு ரேக்கில் நூற்றுக்கணக்கான பாட்டில்களை அடுக்கலாம், இரண்டாயிரம் மூவாயிரம் லக்ஸே போதும், விற்பது கன்றாக. ஆனால் அது சுத்தமான லேபும் பயிற்சி பெற்ற கைகளும் கேட்கும் தொழில்.

வீட்டில் ஒரு தட்டு வைத்துப் பார்க்க நினைப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஒரு தட்டுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் என்று தெரிந்தே செய்யுங்கள். மொபைலில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு இலை மட்டத்தில் அளந்து, அந்த எண்ணை நேராக லக்ஸ் செல்லில் தட்டலாம். போன் சென்சார் துல்லியமல்ல, தோராயம்தான். தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எர்த்தும் ஆர்சிசிபியும் கட்டாயம். எங்கள் பக்கத்து வாசகர்களுக்குக் கூடுதலாக ஒன்று: பழைய தீப்பெட்டி, பட்டாசுக் கட்டடம் என்றால் சுவரிலும் தரை இடுக்கிலும் குளோரேட் தூசி தங்கியிருக்கலாம். விவரம் தெரிந்தவரை வைத்து நன்றாகக் கழுவி எடுக்காமல் உள்ளே ஒரு சுவிட்ச் கூடப் போடாதீர்கள்.

சித்தப்பா அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கட்டடத்துக்கு வெளியே இருக்கும் பத்து சென்டில் ஷேட் நெட் போட விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். போன வாரம் போனில், "அந்த ஷீட்ல தண்ணி லாரி வாடகைக்கு ஒரு லைன் சேக்கணும், எப்படிப்பா?" என்றார். வரிசை எண்ணின் மேல் ரைட் கிளிக் செய்து இன்சர்ட் கொடுக்கச் சொன்னேன்.