சலுகை இருக்கட்டும், ஒப்பந்தம் எங்கே?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் 42 தொழிலாளர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பி.எஃப். உண்டு. 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை, ஐ.டி.ஐ. முடித்த ஆறு பையன்களை அப்ரண்டிஸாக வைத்து மாதம் 9,000 ரூபாய் கொடுத்தேன். ஒரு பையனுக்கு மாதம் 1,500 ரூபாய் அரசு திருப்பித் தரும் என்று ஒரு கன்சல்டன்ட் சொன்னதை நம்பித்தான் எடுத்தேன். இதுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆறு பேருக்கும் பி.எஃப். கட்டவில்லை என்று நோட்டீஸ்தான் வந்தது. ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு வாய்தாவுக்கு நான் போகவில்லை. அரசு தர வேண்டிய 1,26,000 ரூபாயை எப்படி வாங்குவது? பழைய தேதி போட்டு இப்போது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா? அந்தப் பையன்களில் இருவரை 2025 செப்டம்பரில் 16,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்கு எடுத்திருக்கிறேன். அதற்காவது 3,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் கன்சல்டன்ட் மீதான கோபம் நிறைய இருக்கிறது. நோட்டீஸின் நகல் இல்லை, அதன் தேதியும் இல்லை. அடுத்த வாய்தா என்றைக்கு என்பதுகூட இல்லை. எனவே நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

வழக்கு முழுவதும் ஒரே காகிதத்தில் நிற்கிறது. அந்த ஆறு பேருடன் எழுத்தில் தொழிற்பழகுநர் ஒப்பந்தம் போட்டீர்களா? போடவில்லை என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. தொழிற்பழகுநர் சட்டம், 1961-இன் 4-ஆம் பிரிவு, ஒப்பந்தம் இல்லாமல் ஒருவரை அப்ரண்டிஸாகச் சேர்க்கவே கூடாது என்கிறது. பையன் மைனராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்த விவரங்களை ஏழு நாளுக்குள் அரசின் இணையதளத்தில் ஏற்றிப் பதிவுக்கு அனுப்புவதும் முதலாளியின் கடமை. ‘பையனை அப்ரண்டிஸா வச்சிருக்கேன்’ என்று ஊரில் சொல்வதற்கும் சட்டத்தின்படி அப்ரண்டிஸ் வைப்பதற்கும் இடையே இருப்பது இந்த ஒப்பந்தம்தான்.

முதலில் பணம். நீங்கள் சொல்வது தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம். நிர்ணயிக்கப்பட்ட உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் உச்சவரம்புக்குள், அரசு ஏற்கிறது. நீங்கள் பையன்களைச் சேர்த்த காலத்தில் ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய். அதில் கால் பங்கு 1,750 என்றாலும் கிடைப்பது 1,500தான். கன்சல்டன்ட் சொன்ன தொகை சரி. அது யாருக்குப் போகும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் தொடங்கிய நேரடிப் பணமாற்ற முறைப்படி அரசின் பங்கு பயிற்சி பெறும் பையனின் வங்கிக் கணக்குக்கே போகிறது. முதலாளி தன் பங்கை மட்டும் கொடுத்தால் போதும், அவருக்குக் கிடைக்கும் லாபமும் அதுதான். இணையதளத்தில் பதிவான ஒப்பந்தம் இல்லாதவருக்கு இதில் எதுவும் இல்லை. 1,26,000 ரூபாயை மறந்துவிடுங்கள். அதற்காக ரிட் மனு போடலாம் என்று யாராவது சொன்னால், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

இத்தனைக்கும் சட்டம் உங்களுக்கு எதிராக இல்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தே ஆக வேண்டும். 42 பேருக்கு ஆறு பேர் என்பது அந்த வரம்புக்குள் அடங்குகிறது. முறையாகச் செய்திருந்தால் சட்டக் கடமையும் முடிந்திருக்கும், பி.எஃப். நோட்டீஸும் வந்திருக்காது.

இனி, உங்களை உண்மையில் கடிக்கப்போகும் விஷயம். அந்த மாதங்களுக்குப் பொருந்தும் பி.எஃப். சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, ‘ஊழியர்’ என்பதிலிருந்து இரண்டு வகையினரை விலக்குகிறது. ஒன்று, தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டவர். மற்றொன்று, நிறுவனத்தின் நிலையாணைகளின் கீழ் எடுக்கப்பட்டவர். இரண்டிலும் சேராதவர் ஊழியர்தான், நீங்கள் அவரை எந்தப் பெயர் சொல்லி அழைத்திருந்தாலும் சரி.

உங்கள் ஆடிட்டர் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் காட்டித் தைரியம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் நல்ல தீர்ப்புகள்தான், ஆனால் உங்களுக்கு உதவ மாட்டா. 2004-இல் உத்தரப் பிரதேச மின்வாரிய வழக்கில், ஒப்பந்தம் பதிவாகவில்லை என்பதாலேயே அப்ரண்டிஸ் தொழிலாளியாகிவிட மாட்டார் என்று நீதிமன்றம் சொன்னது. அங்கே ஒப்பந்தம் இருந்தது, பதிவுதான் இல்லை. உங்களிடம் பதிவு செய்யவே ஒன்றும் இல்லை. 2006-இல் மங்களூர் காம்ப்கோ வழக்கில், மாதிரி நிலையாணைகளின் கீழ் வந்த பயிற்சியாளர்களுக்கு பி.எஃப். கட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. நீங்கள் பையன்களை வைத்திருந்த காலத்தில் நிலையாணைச் சட்டம் பொதுவாக 100 தொழிலாளர் உள்ள இடங்களுக்கானதாக இருந்தது. 42 பேர் உள்ள பட்டறைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அதிகாரி முதல் கேள்வியிலேயே கேட்பார்.

அதைவிட மோசமானவை நீங்கள் இணைத்து அனுப்பிய வவுச்சர்கள். அவற்றின் தலைப்பில் ‘வாரக் கூலி’ என்று எழுதியிருக்கிறது. நான்கு வவுச்சர்களில் ஓ.டி. பணம் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது. அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் செய்ய விடவே கூடாது என்கிறது தொழிற்பழகுநர் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. என்ன பயிற்சி கொடுத்தீர்கள், எந்த மெஷினில், யார் சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை. இந்த வவுச்சர்களை மேசையில் வைத்து, ‘இவர்கள் தொழிலாளிகள் இல்லை’ என்று வாதாட எந்த வழக்கறிஞரும் விரும்ப மாட்டார்.

பழைய தேதியில் ஒப்பந்தம் எழுதலாமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியைக் கடிதத்தில் எழுதியதே தவறு, இனி எங்கும் எழுதாதீர்கள், யாரிடமும் பேசாதீர்கள். முத்திரைத்தாளின் பின்பக்கம் அது விற்ற தேதி இருக்கும். பழைய தாள் கிடைத்தாலும், அந்த ஆறு பேரில் ஒருவரை விசாரணைக்கு அழைத்து ‘எப்போது கையெழுத்துப் போட்டாய்?’ என்று கேட்டால் கதை முடிந்தது. இன்று நீங்கள் எதிர்கொள்வது பணம் கட்ட வேண்டிய ஒரு தகராறு. பொய் ஆவணம் தயாரித்து அரசு அலுவலகத்தில் தாக்கல் செய்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் குற்ற வழக்காகும். சில லட்சத்தை மிச்சம் பிடிக்க முன்ஜாமீன் கேட்டு நிற்கும் நிலையை நீங்களே தேடிக்கொள்ளாதீர்கள். இதைச் செய்யச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகுங்கள்.

பி.எஃப். பாக்கி எவ்வளவு வரும்? ஆறு பேர், 14 மாதம், 9,000 வீதம் 7,56,000 ரூபாய். தொழிலாளர் பங்கு 12, முதலாளி பங்கு 12 என 24 சதவீதம் போட்டால் 1,81,440 ரூபாய். நிர்வாகக் கட்டணமும் காப்பீட்டுச் சந்தாவும் தனி. 7(க்யூ) பிரிவின்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. 14(பி) பிரிவின் கீழ் ஈட்டுத்தொகைக்கு வேறு நோட்டீஸ் வரலாம். அந்தந்த மாதம் பிடிக்காமல் விட்ட தொழிலாளர் பங்கைப் பின்னாளில் அவர்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. மிகக் குறுகிய விதிவிலக்கு ஒன்று உண்டு, அது உங்களுக்குப் பொருந்தாது. ஆக இரண்டு பங்கும் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

இ.எஸ்.ஐ. பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வராத அப்ரண்டிஸை அந்த மாதங்களில் நடைமுறையில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டம் ஊழியராகவே சேர்த்துக்கொண்டது. அங்கே நிலையாணை வாதமும் எடுபடாது. அந்த நோட்டீஸ் இன்னும் வரவில்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

இரண்டு வாய்தாவுக்குப் போகாதது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. பி.எஃப். பாக்கியைத் தீர்மானிக்கும் 7(ஏ) விசாரணையில் உங்கள் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும் என்பது சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமை. அதை நீங்களே வீணாக்கினீர்கள். ஆடிட்டருக்கு வேலை இருந்தது என்கிறீர்கள். நோட்டீஸில் இருப்பது ஆடிட்டர் பெயர் அல்ல. வராதவர் மீது எக்ஸ்பார்ட்டி உத்தரவு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு ஏற்கெனவே வந்து, பட்டறையில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி மேசை டிராயரில் வைத்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். வந்திருந்தால், தக்க காரணம் காட்டி அதை ரத்து செய்யக் கோர மூன்று மாதம், தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள். பழைய சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது 25 சதவீதம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உத்தரவின் தேதியைப் பார்க்காமல் எழுத மாட்டேன்.

உத்தரவு வராவிட்டால் அடுத்த வாய்தாவுக்கு எழுத்துப்பூர்வ பதிலுடன் போங்கள். அமலாக்க அலுவலரின் அறிக்கை நகலைக் கேளுங்கள். ஒவ்வொரு பையனும் உண்மையில் எத்தனை மாதம் இருந்தார் என்பதை வருகைப் பதிவேட்டுடன் ஒத்துப் பாருங்கள், தொகை அங்கே குறையலாம். மீதியைத் தகராறு செய்யாமல் கட்டிவிடுவது மலிவு என்பது என் எண்ணம். பேப்பரைப் பார்த்த வழக்கறிஞர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கடைசியாக 3,000 ரூபாய். பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனாவில் 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேரும் புதிய ஆட்களுக்கு முதலாளிக்கும் தொகை உண்டு. பி.எஃப். சம்பளம் 20,000-க்கு மேல் இருந்தால்தான் 3,000. 16,000-க்கு 2,000தான். அந்த 16,000-ஐ அடிப்படைச் சம்பளம் 9,500, மீதி அலவன்ஸ் என்று பி.எஃப். குறைவாகக் கட்டப் பிரித்திருந்தால் ஆயிரத்தையும் தொடாது. உங்களைப் போல் 50 பேருக்குக் குறைவான இடத்தில் குறைந்தது இருவர் கூடுதலாகச் சேர்ந்து ஆறு மாதம் நிலைக்க வேண்டும். நீங்கள் எடுத்ததே இருவர். ஒருவர் நின்றாலும், பழைய ஆட்களில் ஒருவர் விலகினாலும் கணக்கு இடிக்கும். முதல் முறை வேலைக்கு வருபவருக்கு அரசு இரு தவணையில் 15,000 ரூபாய் வரை கொடுக்கிறது. இவர்கள் 2023-லேயே ஊழியர்கள் என்று 7(ஏ) உத்தரவு வந்தால் பையன்களுக்கு அந்தத் தகுதியே கேள்விக்குள்ளாகலாம். உங்கள் தவறுக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது என்றால் முதல் பிரச்சினையை முதலில் முடியுங்கள்.

நோட்டீஸ், தபால் உறை, வவுச்சர்கள், வருகைப் பதிவேடு, ஐ.டி.ஐ. சான்றிதழ் நகல்கள், கடந்த மூன்று ஆண்டு பி.எஃப். மாதாந்தர ரிட்டர்ன்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பி.எஃப். வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அதிகாரியிடம் நீட்டாதீர்கள், இது ஆதாரமாகாது.