கொடி கைப்பற்றும் போட்டியும் கபடிப் பயிற்சியும்

கணினிப் பாதுகாப்பைப் பயிற்றுவிக்கும் முறைகளுள் ‘கொடி கைப்பற்றல்’ என்னும் ஹேக்கிங் போட்டியும் ஒன்று. போட்டிக்கெனவே அமைத்த கணினியில் ஓர் எழுத்துத் தொடர் மறைத்து வைக்கப்படும், அதுவே கொடி. பாதுகாப்புக் குறையைக் கண்டறிந்து அதனை வெளிக்கொணர்வோர் மதிப்பெண் பெறுவர். அமெரிக்காவின் டெஃப்கான் மாநாட்டில் 1996இல் தொடங்கிய இவ்வகைப் போட்டி இன்று நம் நாட்டுக் கல்லூரிகளிலும் நடைபெறுகிறது.

ஆயினும் போட்டியே பயிற்சியாகிவிடாது. கபடி ஆட்டம் 40 நிமிடத்தில் முடியும். பாடிச் செல்வதையும் பிடிப்பதையும் தனித்தனியே பழகப் பல மாதங்கள் வேண்டும். அவ்வாறே சங்கேத எழுத்து, வலைத்தளக் குறைகள் ஆகியவற்றையும் தனித்தனியே பழகுதல் வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013இல் பள்ளி மாணவர்க்கெனத் தொடங்கிய பிகோ சி.டி.எஃப். போட்டியின் பழைய வினாக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அப்பயிற்சிக் களத்துக்கு உடற்பயிற்சிக் கூடத்தை நினைவூட்டும் ‘பிகோஜிம்’ என்னும் பெயரே இட்டுள்ளனர்.

தோற்ற ஆட்டத்தை மறுநாள் ஆராய்வது நல்ல அணியின் வழக்கம். இங்கும் போட்டி முடிந்தபின் பலர் தாம் விடை கண்ட வழியை எழுதி வெளியிடுவர். மாணவன் அதனைப் படிப்பதோடு நில்லாமல், தானே செய்துபார்த்து, முன்பு தடைப்பட்ட இடத்தைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். ஆசிரியருக்கு மதிப்பெண் பட்டியலைவிட அக்குறிப்பேடே பயன்படும்.

ஆடுகளத்துக்கு எல்லைக்கோடு உண்டு. போட்டிக் கணினியில் பாராட்டுப் பெறும் அதே செயல், பள்ளி அலுவலகக் கணினியில் அனுமதியின்றிச் செய்யப்படின், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்கு இடமாகும்; மோசடி நோக்குடன் செய்யப்படின், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் உரியதாகும். இதனை முதல் வகுப்பிலேயே, கணினியைத் திறப்பதற்கு முன், கூறிவிடுக.